பாஞ்சாலைக்கு நாள் தள்ளிப்போனது

பேகோபுரத் தெருவில் எந்தப் பெண்ணுக்காவது நாள் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால், அந்தச் சங்கதி புருஷன் காதுக்குப் போவதற்கு முன்னால் பாஞ்சாலை காதுக்குப் போய்விடும். எண்பதுகளில் அந்தத் தெருவில் அப்படித்தான் வழக்கமாகிவிட்டது. பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வருவாள். கஷாயம் கொதிக்கிற அடுப்பில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி அணைப்பாள். "எய்ந்துருடி, ஆசுபத்திரிக்குப் போலாம்" என்பாள். மாமியார்க்காரி முணுமுணுத்தால், "நீ எந்த ஊர்ல டாக்டருக்குப் படிச்ச?" என்று கேட்பாள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். பிறவிக் கோபம் இல்லை. முப்பத்திரண்டு வயசு வரைக்கும் அவள் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை. கோபம் அவளுக்கு எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகைக்குப் பிறகுதான் வந்தது. வந்த கோபம் அப்புறம் போகவில்லை.

பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கட்டிக்கொடுத்தது திருவண்ணாமலையில், மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டை தூக்குகிற கண்ணாயிரத்துக்கு. ஒரு பெண், ஒரு பையன். எமர்ஜென்சி சமயத்தில் மண்டி ஆட்கள் ஒரு லாரி நிறையப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தார்கள். கண்ணாயிரமும் போனான். வரும்போது கையில், ஆபரேஷனுக்குப் பரிசாகக் கொடுத்த ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியைத் தெருவே பார்த்தது. அதனால் கண்ணாயிரத்துக்கு ஆபரேஷன் ஆன விஷயமும் தெருவுக்கே தெரியும்.

பாஞ்சாலை பூ கட்டுகிறவள். கோயிலுக்கு மாலை கொடுக்கிற பலராமனின் கொட்டகையில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து கட்டுவார்கள். அண்ணாமலையார் தோளுக்குப் போகிற பூ. வீட்டுக்குத் தூரமான பெண் அதைத் தொடக்கூடாது, மூன்று நாள் கொட்டகைக்கே வரக்கூடாது. பாஞ்சாலைக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சாமி காரியத்துக்கு ஒரு சுத்தம் வேண்டும் என்று நம்பினாள். ஆனால் பலராமனுக்கு ஒரு கவலை உண்டு. முகூர்த்த நாளில், பிரதோஷத்தில், எத்தனை கை இருக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காகக் கொட்டகைத் தூணில் ஒரு காலண்டர் மாட்டிவைத்து, எந்தப் பெண் எந்த நாளில் வரமாட்டாளோ அந்தக் கட்டத்தில் அவள் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலால் எழுதுவார். ச என்றால் சரோஜா. பா என்றால் பாஞ்சாலை. ஒன்பது பெண்களின் உடம்பும், பூ வாங்க வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்கும்படி தூணில் தொங்கியது. அதில் ஒரு அநியாயம் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் தீபத்துக்குக் கொடியேறுவதற்கு நாலு நாள் முன்னால் பலராமன் அவளைக் கூப்பிட்டு ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார்.

"பாஞ்சால, உனுக்குத் தேர் அன்னிக்கு வருது. இத்த தெனம் ஒண்ணு போட்டுக்கோ."

"இன்னாண்ணே இது?"

"நாள தள்ற மாத்திர. மெடிகல்ல எல்லாரும் வாங்கினு போறாங்க. தீபம் முடிஞ்சதும் நிறுத்திடு, தானா வந்துடும்."

"ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதே?"

"சாமி வேல செய்யறே. உனுக்கு இன்னா ஆவப்போவுது?"

அவளும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். தேர் அன்றைக்குத் தள்ளி நிற்க வேண்டாம், மலையில் ஜோதி ஏறும்போது கோயில் வாசலில் நிற்கலாம் என்பதுதான் அவள் மனசில் இருந்தது. பத்து நாளும் விரல் தோல் உரிய உரியக் கட்டினாள். ஜோதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் மாத்திரையை நிறுத்தினாள்.

வரவில்லை. நாலு நாள் பார்த்தாள், எட்டு நாள் பார்த்தாள். மார்கழி பிறந்தது. இடது பக்கம் அடிவயிற்றில் ஒரு வலி ஆரம்பித்தது. குனிந்தால் சுருக்கென்று இழுக்கும், நிமிர்ந்தால் விட்டுவிடும். மாமியார் ஆராயி, "சூடு. பூக்கூடைய இடுப்புல வச்சினு திரியறே, வலிக்காம இன்னா பண்ணும்" என்று வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தாள். குடித்தாள். வலி போகவில்லை. நாளும் வரவில்லை.

தூணில் இருந்த காலண்டரில் எல்லாருடைய எழுத்தும் வந்தது. பா மட்டும் வரவில்லை. பலராமன் ஒரு நாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே கேட்டார்.

"இன்னா பாஞ்சால, இந்த மாசமும் லீவே இல்லியா? நல்ல வேலக்காரி."

சுற்றி இருந்த பெண்கள் பூவைப் பார்த்தபடி சிரித்தார்கள். மாத்திரை கொடுத்த மனுஷனுக்கு, கொடுத்தது ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை. பாஞ்சாலை நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். திருப்பிச் சொல்ல அப்போது தெரியாது அவளுக்கு.

கொட்டகையிலிருந்து பேச்சு தெருக்குழாய்க்கு வந்தது. ஒருநாள் குடத்தோடு அவள் வரிசையில் நிற்கிறாள், முன்னால் நிற்கிற இரண்டு பேர் அவள் நிற்பது தெரிந்தே பேசுகிறார்கள்.

"கண்ணாயிரத்துக்கு ஒரு வாளி குடுத்தாங்களே, அது இன்னும் கீதா?"

"கீது. அடியில ஓட்டயாம்."

பாஞ்சாலை குடத்தை நிரப்பாமல் திரும்பினாள். இடது பக்கம் பிடித்து இழுத்தது. வீட்டுக்கு வந்தால் கண்ணாயிரம் கட்டிலில் உட்கார்ந்து பீடியைக் கொளுத்தாமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். குழாயடிப் பேச்சு அவன் காதுக்கும் வந்துவிட்டது என்று முகமே சொல்லிற்று.

"எத்தினி நாளாச்சு?" என்றான்.

"எது?"

"உனுக்குத் தெரியாதா எதுன்னு?"

"நாப்பது நாள் மேல ஆவுது. மாத்திர போட்டன்ல, அதுல கொழம்பிக்கிச்சு போல. வலி ஜாஸ்தியாவுதுயா. ஆசுபத்திரிக்கு ஒரு நட போயி காட்டிட்டு வரலாம்."

"அங்க போனா சீட்டுல எய்தி வச்சுடுவான். அப்பறம் ஊருக்கே தெரியும்."

எழுதி வைக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவன் மண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தான்.

ஆராயி மட்டும் திடீரென்று பாசமாகிவிட்டாள். காலையில் ஒரு எள்ளுருண்டை, மத்தியானம் பப்பாளிக்காயில் பொரியல். "துன்னு, வலிக்கு நல்லது" என்பாள். மாமியாருக்கு இரக்கம் வந்ததே என்று பாஞ்சாலை மூன்று நாள் வாங்கி வாங்கித் தின்றாள். நாலாம் நாள் கொட்டகையில் சரோஜாவிடம் அதைச் சொன்னபோது, சரோஜா நாரை மடியில் வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"எள்ளும் பப்பாளிக்காயும் எதுக்குக் குடுப்பாங்கன்னு நெசமாவே தெரியாதா உனுக்கு?"

தெரியும். எந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தன் வீட்டில், தனக்கு, அதற்காகக் கொடுப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

பாஞ்சாலைக்கு முதல் கோபம் அங்கேதான் வந்தது. பாதி கட்டிய மாலையைச் சரோஜா மடியில் வைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனாள். உறியில் இருந்த எள்ளுருண்டைச் சட்டியை எடுத்து ஆராயி முன்னால் வைத்தாள்.

"அத்தே, இது வலிக்கா, கலைக்கவா?"

"மெதுவாப் பேசுடி. பசங்க கீது."

"கலைக்கறதுக்கு உள்ள இன்னா கீது?"

"அத்த நீதான் சொல்லணும்" என்றாள் ஆராயி.

கண்ணாயிரம் உள்ளே துண்டை உதறிக்கொண்டிருந்தான். எல்லாம் கேட்டது அவனுக்கு. வெளியே வந்து, ஏம்மா இப்படிக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டான். பாஞ்சாலை அந்தச் சட்டியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். அத்தனை நாளாக அண்ணாமலையாரிடம், நல்லபடியாக நாள் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மலையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பதினாலு வருஷம் அந்த வீட்டில் சோறாக்கியவள். அவள் வார்த்தைக்கு ஒரு பென்சில் எழுத்துக்கு இருக்கிற மதிப்பு இல்லை.

தை பிறந்தது. பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலையில், கொட்டகைக்குப் போகிற வழியில், வலி வந்தது. முன்பு வந்த மாதிரி இல்லை. ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி உள்ளே ஏதோ ஒன்றை முறுக்கிற்று. அங்கேயே சுவரோரம் குந்தி வாந்தி எடுத்தாள். நெற்றியில் ஜில்லென்று வேர்த்தது. பின்னால் வந்த சரோஜா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வூட்டுக்குப் போலாம் வா, உங்க அத்தய..."

"வூட்டுக்கு வேணாம். குதிர வண்டிய கூப்புடு. ஆசுபத்திரிக்கு."

"உங்க வூட்டுக்காரரு?"

"வண்டிய கூப்புடு சரோஜா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சந்திரகலா வெடுக்கென்று பேசுகிறவர். ஆனால் கை மெதுவான கை. வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியாக எப்போது வந்தது, மாத்திரை எத்தனை நாள் போட்டாய், யார் கொடுத்தது. பலராமன் பெயரைக் கேட்டதும், "அவர் எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சார்?" என்றார். இந்தக் கேள்வியைத்தான் பாஞ்சாலை பின்னாளில் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

"வயித்துல புள்ளன்னு சொல்றாங்கம்மா" என்றாள் பாஞ்சாலை. வலியைவிட அதுதான் முதலில் வாயில் வந்தது.

"யாரு சொல்றா? தெருவா?" டாக்டர் இடது பக்கம் விரல் வைத்ததும் பாஞ்சாலை துடித்தாள். "நாள் தள்ளிப்போனா உங்க தெருவுக்குப் புள்ள ஒண்ணுதான் தெரியும். ரத்தம் கம்மியானா தள்ளிப்போகும். மனக்கவலையில தள்ளிப்போகும். இந்த மாதிரி மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டா அதுலயும் கெடும். கருமுட்டை வர்ற பையில கட்டி வந்தாலும் தள்ளிப்போகும், வலிக்கும். சில பேருக்குக் கரு இடம் மாறிக் குழாய்க்குள்ள தங்கிடும், அது உயிரையே வாங்கிடும். நாளும் தள்ளிப்போய் வலியும் வந்தா வீட்டுல ஒரு நாள் உக்காரக்கூடாது. நீ எத்தனை நாள் உக்காந்த?"

"ஒரு மாசம்."

டாக்டர் கையை எடுத்தார். நர்ஸைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"எம் புருஷனுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சும்மா. எழுபத்தாறுலயே."

"ஆனா என்ன? அபூர்வமா ஒருத்தருக்கு வருஷம் கழிச்சுக்கூட வெட்டின குழாய் மறுபடி சேர்ந்துக்கும்."

பாஞ்சாலை அந்த வலியிலும் தலையைத் தூக்கினாள். "அப்போ, புள்ளையாவே இருந்தாலும் அது அவருதுதானே?"

"வேற யாருது?" என்றார் டாக்டர்.

ஒரு மாசமாக ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, கோபத்தில்.

டாக்டர் சொன்னார்: கையில் சாத்துக்குடி அளவு ஒன்று தட்டுப்படுகிறது, கட்டி முறுக்கிக்கொண்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் திறந்து பார்த்தால்தான் நிச்சயம், இன்றைக்கே திறக்க வேண்டும். வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும். சரோஜா மண்டிக்கு ஓடினாள்.

"அம்மா, அவரு வந்தா கட்டின்னு சொல்லாதீங்க" என்றாள் பாஞ்சாலை.

"ஏன்?"

"அவரு மொதல்ல கையெய்த்துப் போடட்டும். எனுக்குன்னு போடட்டும்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

கண்ணாயிரம் வந்தான், பின்னாலேயே ஆராயி. பாஞ்சாலையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் தாளையும் பேனாவையும் நீட்டினாள். கண்ணாயிரம் பேனாவை வாங்கிக்கொண்டான். எழுதவில்லை.

"டாக்டரம்மா, அது இன்னான்னு மொதல்ல சொல்லுங்க."

"திறந்து பாத்தாத்தான் தெரியும். நேரம் போனா உங்க சம்சாரம் உயிருக்கு ஆபத்து. அது எனக்கு நல்லாத் தெரியும். போடுங்க."

அவன் ஆராயியைப் பார்த்தான். ஆராயி சுவரைப் பார்த்தாள்.

"கட்டியா இருந்தா போடறேன்" என்றான் கண்ணாயிரம்.

அந்த வராந்தாவில் அப்போது பத்துப் பேராவது இருந்தார்கள். பாஞ்சாலை காதில் வேறு ஒன்றும் விழவில்லை, இந்த மூன்று வார்த்தைதான். வயிற்றில் முறுக்கிக்கொண்டிருந்தது. அவன் வாங்கி வந்த மல்லிகையை, அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மலை சுற்றியதை, எல்லாவற்றையும் நினைத்தாள், எல்லாமே கரியாகத் தெரிந்தது. கட்டியாக இருந்தால் பெண்டாட்டி பிழைக்கலாம். இல்லையென்றால் இந்த வண்டியிலேயே கிடந்து சாகலாம். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் பார்க்க, அவன் அதைத்தான் சொன்னான்.

"அந்தப் பேனாவ இங்க குடு" என்றாள்.

"நீ சும்மா படு."

"குடுயா."

குரல் வராந்தாவின் கோடிவரைக்கும் போனது. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. சரோஜாதான் அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக் கொடுத்தாள். மூன்றாவது வரைக்கும் படித்தவள் பாஞ்சாலை. படுத்தபடியே, சரோஜா பிடித்த அட்டையின் மேல், தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து தாளை விட்டே கீழே இறங்கிவிட்டது.

"வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம..." என்று நர்ஸ் இழுத்தாள்.

"வயசு வந்த பொம்பள போட்டிருக்கா. அவசரக் கேஸ்னு நான் எழுதிக்கறேன். தள்ளு" என்றார் டாக்டர்.

கட்டிதான். இரண்டு சுற்று முறுக்கி, கறுத்துப்போய் இருந்ததாம். அந்தப் பக்கத்துப் பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் நல்லா இருக்கிறது, பயமில்லை என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உள்ளேயே அழுகி விஷமாகியிருக்கும் என்றும் சொன்னார். தட்டில் வைத்து வெளியே காட்டினபோது கண்ணாயிரம் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்ததைச் சரோஜா பார்த்தாள். பார்த்ததைப் பாஞ்சாலையிடம் மறைக்காமல் சொல்லியும்விட்டாள்.

அப்புறம் பிளாஸ்க்கில் காப்பி வந்தது. ரொட்டி வந்தது. கோயில் விபூதியோடு ஆராயி வந்தாள்.

"அண்ணாமலையாரு மானத்தக் காப்பாத்திட்டாருடி" என்று நெற்றியில் பூசினாள்.

"உசுரக் காப்பாத்தினாருன்னு சொல்லு அத்தே. மானம் எனுக்கு எப்பவும் எங்கியும் போவல."

ஆறாம் நாள் அவளுக்குத் தூரம் வந்தது. ஆராயி அதையும் தெருவுக்குச் சொல்ல ஓடினாள். பாஞ்சாலை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அந்தச் சந்தோஷம்தான் அவளைச் சுட்டது. அந்தச் சாத்துக்குடி அளவுக் கறுப்புக் கட்டிக்குக் கிடைத்த மரியாதை அவளுக்குக் கிடைக்கவில்லை. அது சாட்சி சொன்ன பிறகுதான் அவள் நல்லவள் ஆனாள். குழாயில் கரு தங்கி இருந்தால் சாட்சி யார்?

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாயிரம் குதிரை வண்டி பிடித்து, உள்ளே வைக்கோலின் மேல் போர்வை விரித்து, தையல் அசையாமல் மெதுவாக ஓட்டச் சொல்லிக் கூட்டிவந்தான். வாசலில் வண்டி நின்றதும் தெருப்பெண்கள் கூடிவிட்டார்கள். குழாயடியில் வாளியைப் பற்றிக் கேட்டவளும் இருந்தாள், ஓட்டை என்று சொன்னவளும் இருந்தாள். பலராமன்கூட ஒரு சீப்புப் பழத்தோடு நின்றார்.

கண்ணாயிரம் கீழே குதித்து எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான். "கட்டிதான். நானே கண்ணால பாத்தேன். இத்தாந் தண்டி." கையை விரித்துக் காட்டினான். பிறகு அதே கையை அவளிடம் நீட்டினான். "எறங்கு."

பாஞ்சாலை இறங்கவில்லை.

"நீ சொன்னது பாதி. மீதியும் சொல்லு."

"இன்னா மீதி?"

"தாளு குடுத்தாங்களே. அன்னிக்கு இன்னா சொன்னே?"

கண்ணாயிரத்தின் முகம் சுருங்கிற்று. "வூட்டுக்குள்ள போயி பேசிக்கலாம்."

"தெருவுல பேசினாங்க. தெருவுலியே சொல்லு."

"பாஞ்சால, வுடு, ஆம்பள..." என்று பலராமன் ஆரம்பித்தார்.

"நீ பேசாதண்ணே. மாத்திர குடுத்த வாயி அது" என்றாள். பலராமன் பழச் சீப்பை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஏம்பா, வண்டிய திருப்பணும்" என்றான் வண்டிக்காரன்.

"அவரு சொன்னா எறங்கறேன். இல்லன்னா கீழ்பென்னாத்தூருக்கு வுடு. பசங்கள நான் வந்து இட்டுனு போறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது வண்டிக்காரனுக்கே தெரிந்தது. அவன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணாயிரத்தைப் பார்த்தான். ஆராயி வாசற்படியிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பாஞ்சாலையின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினாள்.

கண்ணாயிரம் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கட்டின்னு சொன்னாத்தான் கையெய்த்துப் போடுவேன்னு நின்னேன். நான் போடல. அதுவேதான் போட்டுக்கிச்சு."

"ஒரக்க."

இரண்டாம் தடவை சொன்னபோது அவன் குரல் உடைந்தது, ஆனால் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. குழாயடிப் பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

பாஞ்சாலை ஒரு கையால் தையலை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் நீட்டின கையைத் தொடாமல் தானாக இறங்கினாள். ஆராயியைத் தாண்டி உள்ளே போனாள். பாயை உதறி விரித்துப் படுத்தாள்.

"பசங்களுக்குச் சோறாக்கு" என்றாள் உள்ளேயிருந்து. மாமியாருக்குச் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த புருஷனுக்குத்தான் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் கண்ணாயிரம் அரிசி களைகிற சத்தம் கேட்டது.